மாலை கழன்ற மறுநாள்

கொடுமுடிக் காவிரிப் படித்துறை. பங்குனி உத்திரத்திற்கு மூன்று நாள் முந்தைய காலைப்பொழுது. காவி வேட்டியும் பச்சை வேட்டியுமாகக் கரை நிறைந்திருந்தது. செம்பிலும் குடத்திலும் ஆற்று நீரை மொண்டு, காவடியில் கட்டிக்கொண்டு, பழனிக்கு நடக்கப் புறப்பட்ட கூட்டம் அது. கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்து, மகுடேசுவரர் கோயிலை ஒட்டிய துறையில் தீர்த்தம் எடுத்து, பழனியாண்டவனுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது நெடுநாள் வழக்கம். நாம் ஊற்றப் போனவர்கள் அல்லர். தோழர் ஒருவர் இல்லத்துச் சுயமரியாதைத் திருமணத்திற்குப் போனோம். போன இடத்தில் ஆற்றைக் காணாமல் திரும்ப மனம் வரவில்லை. ஆற்றுக்கு மதம் உண்டா என்ன!

கடைசிப் படியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தார். அவருடைய கணவர் நீரில் மூழ்கி எழுந்துகொண்டிருந்தார். கழுத்தில் மணிமாலை, நெற்றி நிறையத் திருநீறு. மஞ்சள் வேகவைக்கும் களத்தில் கூலி வேலை என்று பேச்சில் தெரிந்தது.

"மாலை போட்டு எத்தனை நாளாச்சுங்கம்மா?" என்றோம்.

"நாப்பத்தஞ்சு நாளாச்சுங்க. ஒரு பொட்டுத் தொடலீங்க. கூலி பூராவும் கைக்கு வந்துருச்சுங்க. அடகுலெ கெடந்த புள்ளையோட தோட்டைக்கூட மீட்டுட்டமுங்க."

"மாலை கழட்டினப்புறம்?"

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "சாமி மலையிலயே நின்னுக்குமுங்க. மனுசன் மட்டும் ஊட்டுக்கு வருவாருங்க" என்றார்.

தோழர்களே, ஆண்டுக்கணக்கில் நாம் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நள்ளிரவு வரை தொண்டை வறளப் பேசியதை அந்தக் கூலிக்காரப் பெண் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். வீட்டில் 48 நாள் சாமி, மற்ற நாளெல்லாம் குடிகாரன். பழனியப்பன் அருளால் குடி நின்றது என்றால், அந்த அருளுக்கு ஏன் 48 நாள் தவணை? கந்துவட்டிக்காரன் கூட இன்னும் கொஞ்சம் தவணை தருவானே! மலை மேல் ஏறிய அருள், மலையை விட்டு இறங்கும் வழியில் எந்தப் படியில் தவறி விழுந்தது?

இவ்வளவோடு பேனாவை மூடினால் நமக்குக் கைதட்டல் கிடைக்கும். இளைஞர்கள் முகத்தில் புன்னகை மலரும். அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? அதனால் மேலே எழுதுகிறோம்; நமக்கும் சற்றுக் கசக்கும்படியாகவே எழுதுகிறோம்.

அந்த 45 நாள் குடியை நிறுத்தியவன் யார்? அவனேதான். அவனுடைய கால்தான் கடைப்பக்கம் போகாமல் திரும்பியது. அவனுடைய கைதான் கூலியை மனைவியிடம் நீட்டியது. ஆனால் அவனைக் கேட்டால், "நான் எங்கீங்க, அவன் செயலுங்க" என்பான். தன் வாழ்நாளில் அவன் செய்த ஆகப் பெரிய வீரச் செயலை, தானே செய்ததாக நம்ப அவனுக்கு அனுமதியில்லை! பக்தி செய்த களவு இதுதான். கூலியைத் திருடினால் அடுத்த வாரம் மீண்டும் உழைத்துக்கொள்ளலாம். "என்னால் முடிந்தது" என்ற எண்ணத்தைத் திருடிவிட்டால், 49ஆம் நாள் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? மாலை கழன்றது, வல்லமையும் கழன்றது என்றுதானே அவன் அறிவு சொல்லும்!

இது முருகனுக்கு மாத்திரம் உரிய ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டா. சபரிமலைக்குக் கருப்பு வேட்டி கட்டுபவன் கணக்கும் இதுவே. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியவன் கணக்கும் இதுவே. கிறித்துவத் தோழர்களின் தவக்காலம், சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை; நாற்பது நாள் புட்டியைத் தொடாதவன், பெருநாள் விருந்தில் இழந்ததை வட்டியோடு ஈடுகட்டுகிறான். சாமியின் பெயர் வேறு, துணியின் நிறம் வேறு, நாள் கணக்கு வேறு. கடைசி நாளன்று வீட்டுப் பெண்கள் வயிற்றில் எழும் அச்சம் மட்டும் எல்லா மதத்திலும் ஒன்று.

"தவணை இல்லாமல், வாழ்நாள் முழுதுக்கும் சாமி முன் சத்தியம் வாங்கினால் என்ன?" என்று ஒரு பக்தர் கேட்கக்கூடும். அதையும் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு. அயர்லாந்தில் கார்க் நகரத்துத் துறவி தியோபால்ட் மாத்யூ 1838இல் அந்த வேலையைத் தொடங்கினார். மண்டியிட்டு உறுதிமொழி எடுத்தவர்கள் ஒரு சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் பெருகினர். நினைவுப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவர் நல்லவர், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உறுதி முழுவதும் அந்த ஒருவர் திருமுகத்தில் தொங்கிற்று. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் வந்தது, ஊர்கள் சிதறின, பதக்கம் அணிந்தவர் பலர் பழைய வழிக்குத் திரும்பினர். 1856இல் அவர் மறையுமுன்னரே அவருடைய இயக்கம் தேய்ந்து போயிற்று. அடுத்த நாள் காலை கதவைத் தட்டி "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க ஊர்தோறும் ஆள் இல்லாத எந்தச் சத்தியத்துக்கும் அந்த முடிவே.

அப்படியானால் மாலை போட்ட 48 நாளில் மட்டும் அவன் எப்படித் தாங்குகிறான்? இங்கேதான் பகுத்தறிவாளன் தன் அறிவைச் செலுத்த வேண்டும். கிண்டல் செய்வதற்கு அறிவு தேவையில்லை, நாக்குப் போதும்.

மாலை போட்டவனைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடியுமுன் குளிக்க எழுப்ப ஆள் வருகிறது. குடிக்கும் நேரமாகிய மாலைப்பொழுது, பசனைக்குப் போய்விடுகிறது. பழைய கூட்டாளிகள், "சாமிக்கு வேண்டாம்" என்று தாங்களே ஒதுங்குகிறார்கள். கழுத்து மாலை, தெருவுக்கே அவனை அடையாளம் காட்டுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று: நேற்று வரை "டேய்" என்று அழைத்த பண்ணையக்காரர், இன்று "சாமி, வாங்க" என்கிறார்! ஏழைக் கூலிக்காரன், சாதியால் தாழ்த்தப்பட்டவன், குடியால் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டவன், வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதை என்பதை ருசி பார்க்கிறான். கள்ளைவிட வலிய போதை அது. சாராயத்தை மறக்கடித்தது அந்த மரியாதையே என்று நாம் சொல்கிறோம். மலையிலிருந்து இறங்கியதும் பண்ணையக்காரர் மீண்டும் "டேய்" என்கிறார். அவன் மீண்டும் கடைக்குப் போகிறான். இதில் வியப்பு என்ன இருக்கிறது?

வெறும் ஊகமென்று தள்ள வேண்டா. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், இருவருமே குடியில் மூழ்கி எழுந்தவர்கள், ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கிய கூட்டுறவு இன்று நாடு கடந்து பரவியிருக்கிறது. அவர்களுடைய விதிகளில் கடவுள் வந்து உட்கார்ந்திருக்கிறார், உண்மையே. ஆனால் 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குடியை அறவே விட்டு நிற்பதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்கு இளைத்ததன்று, சிலவற்றை விஞ்சுகிறது என்று கண்டது. எதனால் என்று துருவிய ஆய்வாளர்கள் முதன்மையாகக் காட்டியது, சுற்றியிருக்கும் மனிதர்கள் மாறிவிடுவதை. குடிக்கும் நண்பர்கள் குறைகிறார்கள், குடியாத நண்பர்கள் கூடுகிறார்கள். கடவுளை விட்டுவிட்டு அதே முறையில் இயங்கும் குழுக்களும் மேலை நாடுகளில் இருக்கின்றன.

இனி ஒரு எச்சரிக்கை. இதை உரத்த குரலில் சொல்ல வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய உடல், ஒரே நாளில் நிறுத்தினால் சும்மா இராது. கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். மூன்றாம் நாள் அளவில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து பிதற்றுவோரும் உண்டு. அந்த நிலை உயிரையே பறிக்கும். மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவன் உடல் பதறி ஏதேதோ பேசினால், நம் ஊரில் என்ன சொல்கிறார்கள்? "சாமி வந்துருச்சு" என்று கற்பூரம் கொளுத்துகிறார்கள்! கொளுத்த வேண்டியது கற்பூரமன்று, தோழர்களே. பிடிக்க வேண்டியது வண்டி. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றும் கயிலாயத்தில் இல்லை. தக்க மருந்தோடு நிறுத்தினால் ஆபத்தின்றி நிறுத்தலாம். இன்னொன்று: சில வாரங்கள் நிறுத்தியவனின் உடல் பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். 180 மில்லி கொண்ட கால் புட்டியில் ஏறத்தாழ 60 கிராம் சுத்தச் சாராயம். மாலை கழன்ற மகிழ்ச்சியில் பழைய கணக்கையே ஊற்றுபவன், புதியவனைப் போலச் சாய்வான்.

விரதம் இருப்பவன் தனி மனிதன் மட்டும் அல்லன். அரசும் விரதம் இருக்கிறது! திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் பிறந்த நாள், மே நாள், விடுதலை நாள், நபிகள் பிறந்த நாள், காந்தியார் பிறந்த நாள் என ஆண்டுக்கு எட்டு நாள் கடைக் கதவை மூடிப் பக்தி செலுத்துகிறது. கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே பாடிய வள்ளுவருக்கு ஒரு நாள் ஒதுக்கியாயிற்று. எஞ்சிய நாளெல்லாம் கருவூலத்துக்கு. முதல் நாள் மாலையே வரிசையில் நின்று இரட்டிப்பாக வாங்கிப் பதுக்குகிறான் குடிமகன். 2023-24ஆம் நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த தொகை 45,855 கோடி ரூபாய். மதுவிலக்கை 1971இல் தளர்த்தியதும், 1981இல் கள்ளும் சாராயமும் மீண்டும் வரச் செய்ததும், 2003இல் சில்லறைக் கடைகளை அரசே எடுத்து நடத்தத் துணிந்ததும், அண்ணாவின் பெயரையோ இயக்கத்தின் பெயரையோ சொல்லி ஆண்டவர்கள்தாம். பிறரைச் சொல்லி நாம் தப்ப முடியாது.

கொடுமுடியிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் இருப்பது ஈரோடு. 1921இல் அங்கே கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் 500க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார், சிறை சென்றார். அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தனர். அந்தத் தென்னைகளை யாரும் 48 நாளுக்கு வெட்டவில்லை! பின்னாளில் அதே பெரியார், சட்டம் போட்டுக் குடியை ஒழிக்கிறோம் என்று கிளம்பியவர்களைக் கடுமையாகத் தாக்கினார். முரண்பாடு என்று எதிரிகள் இன்றும் ஏளனம் செய்கிறார்கள். தன் சொத்தை வெட்ட ஒருவனுக்கு உரிமையுண்டு. ஊரான் தொண்டையில் போலீசை நிறுத்தினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று அவர் கண்டதில் முரண்பாடு எங்கே? 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாடு மறக்கவில்லை.

இனி நம்மைப் பற்றி. ஒரு காலத்தில் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மன்றமும் படிப்பகமும் இருந்தன. அந்திப் பொழுதில் ஒருவர் ஏடு படிப்பார். எழுத்தறியாதவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். தறிக்காரனும் களத்துக் கூலியும் அங்கே "தோழர்" என்று அழைக்கப்பட்டனர். கவனியுங்கள்: மாலை போடாமலே மரியாதை! பசனை இல்லாமலே மாலைப்பொழுது நிறைந்தது! இன்று அந்தக் கட்டடங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. சுவரில் தலைவர் படம், வாசலில் துருப்பிடித்த பெயர்ப்பலகை. ஆண்டுக்கு இருமுறை திறந்து, மாலை போட்டு மூடுகிறோம்; அந்த மாலை படத்துக்கு! நாம் காலி செய்த அந்திப்பொழுதை ஒருபுறம் குருசாமியும் மறுபுறம் மதுக்கடையும் பங்கிட்டுக்கொண்டனர். பக்தனைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞனே, உன் ஊர்ப் படிப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? தெரியுமா உனக்கு?

திருமண வீட்டில் இதைத்தான் பேசினோம். பேச்சு சூடேறியது. "விரதக்காரன் வீட்டுக்கு நாம் போனால் மூடநம்பிக்கைக்கு வக்காலத்து ஆகாதா?" என்று ஒரு தோழர் கொதித்தார். விரதத்தின்போது போகச் சொல்லவில்லை, விரதம் முடிந்த மறுநாள் போகச் சொல்கிறோம் என்றோம். அன்றைக்குத்தான் அவனைச் சுற்றி ஒருவரும் இருக்கமாட்டார்கள். "48 நாள் நிறுத்தியவர் நீங்கள்தான், 49ஆம் நாளும் உங்களால் முடியும்" என்று சொல்ல அன்றைக்குத்தான் ஆள் வேண்டும்.

மூன்று தோழர்கள் ஒப்புக்கொண்டனர். அவர்களில் ஒருவர் முன்பு குடித்தவர்; நிறுத்தி ஏழாண்டாகிறது என்று சபையில் கூசாமல் சொன்னார். படிப்பகத்துச் சாவியைத் தேடி எடுத்தாயிற்று. உள்ளே கேரம் பலகை ஒன்றும், கறையான் தொடாத சில புத்தகங்களும் இருந்தன. ஒட்டடை அடிக்க ஒரு பகல் பிடித்தது.

உத்திரத்துக்கு மறுநாள் நண்பகல் 12 மணிக்குக் கடை திறக்கும். மாலை ஆறு மணிக்குத் தோழர்கள் மூவரும் அந்த வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கூட்டம் நடக்கத் தொடங்குமுன் அந்த அம்மாளைத் தேடிப் பிடித்துச் செய்தியைச் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆறு மணி ரொம்ப நேரமாயிருமுங்க" என்றார். "பன்னெண்டுக்கே வரச் சொல்லுங்க. சோறு ஆக்கி வெக்கறனுங்க."