ஊக்கமில்லாதவன் சோம்பேறி அல்ல

எங்கள் பகுதியிலுள்ள ஆதிதிராவிடர் நல விடுதியில் சென்ற ஆண்டு ஊக்கமூட்டும் கூட்டம் ஒன்று நடந்தது. "மனசு வெச்சா முடியாதது எதுவுமில்ல" என்பதையே பேச வந்தவர் ஒன்றரை மணி நேரம் விதவிதமாகச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லோரும் கலைந்த பிறகு இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "அக்கா, எனக்கு அந்த மனசே வரமாட்டேங்குதே, நான் என்ன பண்றது?"

மூன்று வாரமாக அவன் வகுப்புக்குப் போகவில்லை. தூக்கமில்லை, பசியில்லை. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாகப் படித்த நாளிலிருந்து, செய்முறை வகுப்பில் அவனோடு சேர யாரும் வருவதில்லை. ஆனால் அவன் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. "நான்தான் சோம்பேறி ஆயிட்டேன்" என்றான். சாதி செய்யும் வேலையே இதுதான். அவமானப்படுத்தியவர் நிம்மதியாகத் தூங்குகிறார், அவமானப்பட்டவர் தன்னிடமே குற்றம் தேடிக்கொண்டு விழித்திருக்கிறார்.

2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா, 2017 மார்ச்சில் டெல்லியில் சேலத்து முத்துக்கிருஷ்ணன், 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தத்வி. இவர்களை இழந்தபோதும் "மன உறுதி இல்லை" என்று பேசியவர்கள் உண்டு. உறுதி இல்லாதவர்களா முதல் தலைமுறையாக அத்தனை படிகள் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்?

நம் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது, தோழர்களே. சோர்ந்து உட்கார்ந்த தோழரிடம் "போராளி அழலாமா?" என்று கேட்கிறோம். எல்லாத் துயரத்துக்கும் சாதிதான் காரணம், சாதி ஒழிந்தால் சரியாகிவிடும் என்கிறோம். காரணம் சரிதான். ஆனால் சாதி ஒழியும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்க முடியாது. குடிநீர் மாசுபட்டதால் காய்ச்சல் வந்தால், தொட்டியைச் சுத்தம் செய்யப் போராடுகிறோம். காய்ச்சலுக்கு மாத்திரையும் கொடுக்கிறோம். மனதுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

பாபாசாகேப் அழுதிருக்கிறார். 1917இல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடாவுக்கு வேலைக்குப் போனவரை, சாதியை மறைத்துத் தங்கினார் என்று பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். வீடு கொடுக்க ஒரு நண்பரும் முன்வரவில்லை. ரயில் வரும்வரை பூங்காவில் துயரத்தோடு உட்கார்ந்திருந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அடுத்த நாளே அவர் எழுச்சி பெற்றுவிடவில்லை. 'மூக்நாயக்' வெளிவந்தது 1920இல். இடையில் ஆண்டுகள் இருக்கின்றன. சோர்வுக்கும் செயலுக்கும் இடையில் காலம் தேவைப்படும் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை.

ஊக்கம் வந்த பிறகு எழலாம் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் அது வராது. சின்னதாக ஒன்றைச் செய்தால், அதன் பின்னால்தான் ஊக்கம் மெல்ல வரும். குளிப்பது, பத்து நிமிடம் நடப்பது, ஒருவரிடம் பேசுவது போதும். அதையும் தனியாகச் செய்யச் சொல்லக் கூடாது. கூட ஒருவர் போக வேண்டும். எழவே முடியாத அளவுக்குப் போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இது யாரும் போடும் பிச்சையல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 18, அரசு மனநலச் சிகிச்சையைச் சாதிப் பாகுபாடின்றிப் பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக எந்த நேரமும் அழைக்கலாம். சட்டம் இருந்தும் விடுதியில் ஆலோசகர் இல்லை என்றால், அதைக் கேட்பது நம் வேலை. வருகிறவர் சாதி எப்படி மனதைத் தின்னும் என்று அறிந்தவராகவும் இருக்க வேண்டும். "அதையெல்லாம் மறந்துடு தம்பி" என்பவர் நமக்கு வேண்டாம்.

அந்த மாணவனோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். மாத்திரை சாப்பிடுகிறான். மாலையில் காலனி இரவுப் பாடசாலையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். பட்டியல் படித்தது பற்றி மூன்று பேரோடு சேர்ந்து கல்லூரிக்குப் புகார் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. சில நாள் காலையில் இன்னமும் எழ முடிவதில்லை என்கிறான். அன்றைக்கு அறை நண்பன் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருகிறான். ஒன்றரை மணி நேரப் பேச்சால் முடியாததை அந்த டீ செய்கிறது.

ஜெய்பீம்.