கயிறு பேசும்!

வள்ளூர்ச் சாலையில் ஒரு நாள் காலை. ஓர் அம்மாள் ராஜபாளையம் குட்டி ஒன்றை உலாவ அழைத்து வந்தார். இல்லை, இல்லை, குட்டிதான் அம்மாளை அழைத்து வந்தது! சங்கிலியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு கால் செருப்பைப் பறிகொடுத்து, "நில்லுடா, நில்லுடா" என்று ஓடி வந்தார். எதிரே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி. நல்ல வேளை, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார்.

"எவ்வளவு இழுத்தாலும் கேட்பதில்லை" என்றார் அம்மாள், மூச்சு வாங்க.

இழுப்பதால்தான் கேட்பதில்லை! நாம் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் முண்டுவது நாயின் சுபாவம். முண்டியபடியே நாலடி போய்விட்டால், 'இழுத்தால் வழி கிடைக்கும்' என்ற பாடத்தையும் அது படித்துவிடுகிறது. கற்பித்த வாத்தியார் யார்? நாமேதான்.

பின் என்ன செய்வது? சங்கிலியை விட்டு, ஐந்தாறு அடி நீளமுள்ள உறுதியான நாடாக் கயிறு வாங்குங்கள். கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். நாய் பாய்ந்தால் விரல் பிசகும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முதல் பாடம் தெருவில் அல்ல, வீட்டு முற்றத்தில். பத்து நிமிஷம் போதும். நாய் இழுத்ததா? நட்ட கல்லைப் போல நின்றுவிடுங்கள். திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததா? "சபாஷ்!" என்று ஒரு விள்ளல் இட்லி கொடுத்து நடையைத் தொடருங்கள். கயிறு தளர்ந்தால் நடை, இறுகினால் நிற்றல். இந்தப் பாஷை அதற்குச் சீக்கிரமே புரியும்.

எதிரே தெரு நாய் வந்தால் நம் கை தானாக இறுகும். 'எஜமானிக்கே பயம், ஆபத்துதான் போலிருக்கிறது' என்று உங்கள் நாயும் உறுமும். இறுகுமுன் அமைதியாக வேறு பக்கம் திரும்பி நடந்துவிடுங்கள்.

இன்னொன்று. அம்மா 'வா' என்பதும், பையன் 'கம்' என்பதும், அப்பா 'ஏய்' என்பதும் கூடாது. ஒரு காரியத்துக்கு வீடு முழுவதும் ஒரே சொல்.

கயிறே வேண்டாம் என்று அவிழ்த்தும் விடாதீர்கள். வளர்ப்புப் பிராணியால் பிறர் உயிருக்கு ஆபத்தோ, பலத்த காயமோ நேரக்கூடும் என்றிருந்தும் அலட்சியமாக விட்டால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்காகக் கட்டியே போடவும் கூடாது. அநியாயமாகக் குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாயை நடமாட விடாததையும் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது.

இவ்வளவையும் அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"இந்த வித்தை எங்கள் வீட்டுக்காரரிடமும் பலிக்குமா?"

அதற்கு இந்தப் பக்கத்தில் இடம் போதாது!