வரைபடம் வரைய பூகம்பம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புவியியல் தகவல் அமைப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர், விலை உயர்ந்த சாப்ட்வேர், செயற்கைக்கோள் படங்கள் இவைதான். ஆனால் இவை எல்லாம் இருந்தும் ஒரு ஊருக்கு உருப்படியான வரைபடம் இல்லாமல் போகலாம். தொழில் தெரிந்தவர்களும், படிக்கும் மாணவர்களும், ஊரைத் தெரிந்தவர்களும் ஒன்று சேர்ந்தால்தான் வரைபடம் முழுமை பெறும். இதற்கு நல்ல உதாரணம் நேபாளம்.

காத்மாண்டு பள்ளத்தாக்கு பூகம்ப அபாயம் நிறைந்த பகுதி. 1934-ல் வந்த பூகம்பத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மீண்டும் ஒன்று வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் 2012-ல் உலக வங்கியின் ஆதரவோடு, பள்ளத்தாக்கில் உள்ள பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரைபடத்தில் ஏற்றும் வேலை தொடங்கியது. அதற்குப் பயன்பட்டது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த இந்த வரைபடத்தில், விக்கிபீடியாவைப் போல, யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

கல்லூரி மாணவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். இந்த முயற்சியிலிருந்து 2013-ல் உருவானதுதான் நாம ராஜ் புதாதோகி தலைமையிலான காத்மாண்டு லிவிங் லேப்ஸ். அப்போது இதை ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன்பு 7.8 அளவில் பூகம்பம் வந்தது. சுமார் 9,000 பேர் உயிரிழந்தார்கள். உலகம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து சாலைகளையும் வீடுகளையும் வரைந்து கொடுத்தார்கள். பாராட்ட வேண்டிய உதவி. ஆனால் மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும், அது பள்ளிக்கூடமா மாட்டுக்கொட்டகையா என்று தெரியுமா? ஒரு கிராமத்தை அங்குள்ளவர்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று தெரியுமா? அங்கேதான் உள்ளூர்க் குழுவின் அருமை புரிந்தது. எந்த ஊருக்கு என்ன தேவை என்று வந்த தகவல்களைத் திரட்டி, சரிபார்த்து, ராணுவத்துக்கும் நிவாரணக் குழுக்களுக்கும் கிடைக்கச் செய்தார்கள். ஆள் தயாராக இருந்தார்கள், அதனால் முடிந்தது.

இதில் கசப்பான பாடமும் உண்டு. முன்கூட்டியே நடந்த வேலை பெரும்பாலும் தலைநகரைச் சுற்றித்தான். ஆனால் உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தது சிந்துபால்சோக் என்ற மலை மாவட்டத்தில். அது போன்ற மலைக் கிராமங்களில் பலவற்றை பூகம்பத்துக்குப் பிறகுதான் அவசர அவசரமாக வரைபடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. வசதியான இடத்தை மட்டும் வரைந்தால் ஆபத்து வசதியான இடத்துக்கு மட்டும் வரும் என்று உத்தரவாதம் இல்லையே!

மாணவர்கள் வரைந்தால் தப்பு வராதா என்று சிலர் கேட்கலாம். வரும். அதற்காகத்தான் அனுபவம் உள்ளவர்கள் கூடவே இருக்க வேண்டும். தப்பைத் திருத்திவிடலாம், வரையவே படாத ஊரை என்ன செய்வது?

இன்னொரு கேள்வி நியாயமானது. மாணவர்களைக் கூலி இல்லாத வேலையாட்களாக ஆக்குவதா? கூடாது. தொண்டு என்ற பெயரில் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு சான்றிதழோடு அனுப்பிவிட்டால், அந்தக் குழு ஒரு வருடம்கூட நிலைக்காது. களப்பணிக்கு மதிப்பெண் தர வேண்டும், போக்குவரத்துச் செலவு தர வேண்டும், படிப்பு முடிந்ததும் வேலைக்கு வழிகாட்ட வேண்டும். இது கல்லூரிகளின் பொறுப்பு, தொழிலில் இருப்பவர்களின் பொறுப்பும்கூட.

வரைபடம் ஒருமுறை வரைந்து சட்டம் போட்டு மாட்டி வைக்கும் படம் அல்ல. புதுப் பாலம் வரும், பழைய கட்டிடம் இடியும், தெருவின் பெயர் மாறும். அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஆள் வேண்டும். சாப்ட்வேரை ஒரே நாளில் இறக்கிக்கொள்ளலாம். நம்பிக்கையோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு குழுவை அப்படி இறக்கிக்கொள்ள முடியாது. அதை அமைதியான நாட்களில்தான் உருவாக்க முடியும்.

சிந்தியுங்கள் நண்பர்களே!