பொய் புறப்படும் இடத்திலேயே



சென்ற இதழின் ஃபயர்வால் கட்டுரையைப் படித்துவிட்டு, கல்லூரிக் கணினிக் கூடங்களையும் சிறு அலுவலகங்களையும் பார்த்துக்கொள்ளும் பலர் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி: "தாக்குதல் எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறதோ அதைத் தடுத்துவிட்டால் போதாதா?" போதாது. அந்த முகவரியே பொய்யாக இருக்கலாம். ஐபி ஸ்பூஃபிங் எனப்படும் இந்த முகவரி ஆள்மாறாட்டத்தைத்தான் இம்மாத இதழ் விரிவாகப் பேசுகிறது.

இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு முகவரிகளைச் சுமந்து செல்கிறது. வழியிலுள்ள ரூட்டர்கள் பெறுநர் முகவரியைப் பார்த்து வழி காட்டுகின்றன. அனுப்புநர் முகவரி மெய்யா பொய்யா என்று பொதுவாகக் கேட்பதில்லை. தபாலிலும் இதே கதைதான். மொட்டைக் கடிதத்திலாவது பெயர் இருக்காது. இங்கே அடுத்தவர் பெயரைப் போட்டே அனுப்பலாம். இன்றும் புழக்கத்தில் உள்ள ஐபி நான்காம் பதிப்பின் விதிகள் 1981-இல் எழுதப்பட்டபோது வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தச் சோதனை தேவைப்படவில்லை.

ஆனால் முகவரியைப் பொய்யாகப் போடுபவருக்கு ஒரு தடை இருந்தது. டிசிபி இணைப்பில் எதிர்முனை ஒரு வரிசை எண்ணை அனுப்பும்; அதைத் திருப்பிச் சொன்னால்தான் இணைப்பு உறுதியாகும். பொய் முகவரி போட்டவருக்கு அந்தப் பதில் வந்து சேராது. எண்ணை ஊகிக்க முடிந்தால் இந்தத் தடையும் உடையும் என்று ராபர்ட் மோரிஸ் 1985-இலேயே எழுதினார். ஸ்டீவன் பெல்லோவின் 1989-இல் மீண்டும் எச்சரித்தார். 1994 கிறிஸ்துமஸ் நாளில் அது நடந்தே விட்டது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் சுடோமு ஷிமோமுரா என்ற பாதுகாப்பு ஆய்வாளரின் கணினி ஒன்று, இன்னொரு சர்வரை முகவரி பார்த்தே நம்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. தாக்கியவர் அந்தச் சர்வரைப் போலி இணைப்புக் கோரிக்கைகளால் திணறடித்து வாயடைக்க வைத்தார். வரிசை எண் ஒவ்வொரு புது இணைப்புக்கும் 1,28,000 கூடுவதைக் கவனித்து, அடுத்த எண்ணைக் கணித்து, சர்வரின் பெயரில் உள்ளே புகுந்தார். இந்த ஊடுருவலோடு பெயர் சேர்த்துப் பேசப்பட்ட கெவின் மிட்னிக் 1995 பிப்ரவரியில் கைதானார்.

அதன்பின் வரிசை எண்களை ஊகிக்க முடியாதபடி மாற்றினார்கள். முகவரியை மட்டும் பார்த்து நம்பும் வழக்கம் போய், எஸ்எஸ்எச் சாவிகள் வந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் போலிகள் உத்தியை மாற்றிக்கொண்டார்கள். பதில் தங்களுக்கு வந்து சேர வேண்டியதில்லை. அந்தப் பதிலையே ஆயுதமாக்கினால் போதும்!

டிசிபி போல எண்ணைத் திருப்பிச் சொல்லும் கைகுலுக்கல் எதுவும் கேட்காத யுடிபி இதற்குத் தோதானது. பாதிக்கப்பட வேண்டியவரின் முகவரியை அனுப்புநராகப் போட்டு, உலகெங்கும் திறந்து கிடக்கும் சர்வர்களுக்குச் சிறு கேள்விகளை அனுப்புகிறார்கள். சர்வர்கள் பெரிய பெரிய பதில்களை அந்த அப்பாவியின் தலையில் கொட்டுகின்றன. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மேல் நொடிக்கு 1.35 டெராபிட் பாய்ந்தது இப்படித்தான். அதில் ஆயுதமான, தற்காலிக நினைவகமாகப் பயன்படும் மெம்கேஷ்டு சர்வர்களுக்கு ஒரு பைட் அனுப்பினால் 51 கிலோபைட் வரை பதில் வரக்கூடும் என்று கிட்ஹப் பின்னர் விளக்கியது. தளம் சில நிமிடங்கள் முடங்கி, போக்குவரத்தை வேறு வலையமைப்பு வழியே திருப்பிவிட்ட பிறகே மீண்டது.

இதில் கிட்ஹப் முன்கூட்டியே எதைச் செய்திருந்தாலும் அந்தப் பொய்ப் பாக்கெட்டுகள் புறப்படுவதைத் தடுத்திருக்க முடியாது. தடுக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: அவை கிளம்பிய வலையமைப்பின் வாயில். அங்கே, "இந்த முகவரி எங்களுடையதல்ல" என்று பாக்கெட்டை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. பால் ஃபெர்குசனும் டேனியல் சீனியும் எழுதி, 2000 மே மாதம் பிசிபி 38 என்ற பெயரில் வெளியான பரிந்துரை சொல்வதும் இதுவே. கிட்ஹப் தாக்கப்பட்டபோது அதற்கு ஏறத்தாழ 18 வயது. இன்னும் எல்லோரும் கடைப்பிடிக்காததற்குக் காரணம் தொழில்நுட்பத்தைவிடக் கணக்குவழக்கில்தான் இருக்கிறது. செலவும் வேலையும் நமக்கு. நன்மை முகம் தெரியாத யாருக்கோ. எனக்கென்ன என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால், நம்மைக் காக்க வேண்டிய அடுத்தவரும் அப்படியேதான் இருப்பார்.

வலையமைப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகளைத் தாங்கிய பாக்கெட்டுகள் மட்டுமே வெளியே போகட்டும். உங்கள் உள்முகவரியைத் தாங்கி வெளியிலிருந்து வருபவற்றை வாயிலிலேயே நிறுத்துங்கள். ரூட்டரில் யுஆர்பிஎஃப் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அனுப்புநருக்குப் பதில் போக வேண்டிய வழியும் பாக்கெட் வந்த வழியும் ஒன்றுதானா என்று அது பார்க்கும். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் அதன் கடுமையான முறையை யோசித்துப் போடுங்கள். அதில் நல்ல பாக்கெட்டுகளும் அடிபடலாம். கல்லூரிக் கூடங்களில் சுவிட்சிலேயே டிஎச்சிபி ஸ்னூப்பிங், ஐபி சோர்ஸ் கார்டு இரண்டையும் இயக்கலாம். உங்கள் டிஎன்எஸ் சர்வர் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டாம். மெம்கேஷ்டின் 11211 போர்ட் வெளியுலகுக்குத் தெரியவே வேண்டாம்.

வீட்டில் ஒரே ஒரு ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் பங்குண்டு. அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்து வையுங்கள். கண்காணிப்பு கேமராவோடு வந்த கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள்.

உங்கள் இணைப்பிலிருந்து பொய் முகவரி வெளியேற முடிகிறதா என்று சோதிக்க, அமெரிக்காவின் காய்டா ஆய்வு மையம் ஸ்பூஃபர் என்ற இலவச மென்பொருளைத் தந்திருக்கிறது. அலுவலக வலையில் ஓட்டுவதற்கு முன் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். அடுத்த முறை இணைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சேவை நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்: "எங்கள் பக்கமிருந்து பொய் முகவரியோடு பாக்கெட் கிளம்பினால் நிறுத்துவீர்களா?" வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்கத்தான் அந்தச் செலவு-நன்மைக் கணக்கு மாறும். கிடைத்த பதிலை எங்களுக்கு எழுதுங்கள். வாசகர் கடிதப் பகுதியில் அதற்கென்றே இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்