இடையில நிக்கிறவருக்கு ஏன் காசு?

“இடையில நிக்கிறவனை வெட்டிப்போட்டு நேரா பக்டரியிட்ட வாங்குங்கோ அங்கிள்.” இதை எங்களில் யார் முதலில் சொன்னது என்று இப்ப ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. சொன்னது எல்லாரும்தான். கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கட வகுப்புத் தோழியின் அப்பா. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் சின்னத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். கதவு, யன்னல், சாமித்தட்டு, இடைக்கிடை கோயில் வேலை. கதவில் பூவேலை செதுக்குகிற சீஎன்சீ மெசின் ஒன்று எடுக்க வேண்டும் என்பது அவருடைய இரண்டு வருசக் கனவு. கொழும்பு டீலர் சொன்ன விலை 22 லட்சம். அதே அளவு மெசினுக்குச் சீனாவின் ஜினான் நகரத்துப் பக்டரி ஒன்று கேட்டது 4,000 டொலர். “பிள்ளையள், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே, ஒருக்கா எழுதிக் கேளுங்கோவன்” என்றார். கலைப்பீடத்துப் பிள்ளைகளிடம் ஒருவர் உருப்படியான வேலை கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோசமா எழுதினம்.

அந்தச் சந்தோசத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

டொலர் 300 ரூபாய் என்று பெருக்கிப் பார்த்தோம். 12 லட்சம். பத்து லட்சம் மிச்சம் என்று அந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிட்டோம். கப்பல் கூலி, துறைமுக வரி, கிளியரிங் ஏஜென்ட், கொழும்பிலிருந்து லொறி, இறக்குகிறதுக்குப் பூம் லொறி எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கிற வற் வரியும் வந்தது. பெரிய கொம்பனி என்றால் வற்றைக் கணக்குக் காட்டித் திருப்பி எடுக்கும். பதிவில்லாத சின்னப் பட்டறைக்கு அது போன காசுதான். (காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து ஆக்கள் வருகிற கப்பல் ஓடுகிறது, கொன்டெய்னர் இறங்கிறது இன்னும் கொழும்பிலதான்.) கடைசியில் மெசின் பட்டறை வாசலில் நிற்கும்போது 17 லட்சம் முடிந்திருந்தது. அப்பவும் 5 லட்சம் மிச்சம், அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த 17 லட்சமும் எப்படிப் போனது? 30 வீதம் முற்பணம், மிச்சம் 70 வீதம் கப்பலில் ஏற்ற முதல். அதாவது மெசினைக் கண்ணால் காண முதலே அதன் விலை முழுவதும் கைவிட்டுப் போய்விடும். டீலரின் பில் என்றால் லீசிங் போடச் சம்மதித்த கொம்பனி, பக்டரியின் பில்லைப் பார்த்துக் கையை விரித்துவிட்டது. வீட்டு நகை அடைவுக்குப் போனது. அது எங்கட கணக்கில் இருக்கவே இல்லை.

நாலாம் மாதம் இன்வேர்ட்டர் செத்தது. தெரியாத ஆக்களுக்கு: செதுக்குகிற அலகைச் சுற்றுகிற மோட்டர் நிமிசத்துக்கு 24,000 சுற்றுச் சுற்றும். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அதை 400 ஹேர்ட்ஸாக மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் இன்வேர்ட்டர். அது இல்லையென்றால் மெசின் ஒரு பெரிய இரும்பு மேசை. கொழும்பில் வேறு மார்க் இன்வேர்ட்டர் கிடைக்கும்தான். ஆனால் அதற்குள் போடுகிற எண்கள் பிழைத்தால் மோட்டரும் சேர்ந்து எரியும். போட்டுத்தர இங்கு ஒருத்தரும் துணியவில்லை. பக்டரிக்காரர் கள்ளர் இல்லை, அடுத்த நாளே மரியாதையாகப் பதில் போட்டார்கள். வீடியோ எடுத்து அனுப்பு, எண்களைப் படம் பிடி, திரும்பவும் வீடியோ. உத்தரவாதம் ஒரு வருசம், சாமான் இலவசம், அனுப்புகிற செலவு உங்கட. எல்லாம் ஒழுங்குதான். ஏழு கிழமை எடுத்தது. குடிபூரலுக்கு நாள் வைத்த இரண்டு வீட்டுக்காரர் அந்த ஏழு கிழமைக்குள் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வட்டி மட்டும் நிக்கேல்லை. அங்கிள் எங்களைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அப்ப டீலர்மார் எல்லாம் நல்லவையா? அவசரப்படாதேங்கோ. அதே ஊரில் இன்னொரு பட்டறைக்காரர் கொழும்பு டீலரிடம்தான் வாங்கினார், நல்ல விலைக்கு. மெசினின் பக்கத்தில் டீலரின் பெயர் பெரிய ஸ்டிக்கராக மினுங்கியது. மழைக்காலம் ஓரம் கிளம்பியது. உரித்துப் பார்த்தால் கீழே சீனப் பக்டரியின் பெயர். சரி, அது குற்றமில்லை. மெசின் நின்ற நாளில் டீலரிடமிருந்து கிடைத்த உதவி என்ன தெரியுமா? அந்தப் பக்டரியின் வாட்ஸ்அப் நம்பர்! ரெக்னீசியன் வடக்குக்கு வரப் பயணச் செலவு தனி, தங்கிறதும் தனி, எப்ப வருவார் என்று சொல்ல ஏலாது. உத்தரவாதக் காட் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மட்டும். தமிழ் 1987 இலிருந்து அரசகரும மொழி; அது அரச அலுவலகத்துக்கு, தனியார் கடைக்கு இல்லை என்று சொல்லுவினம். இருக்கட்டும். விக்க வரேக்க தமிழில நோட்டீஸ் அடிக்கத் தெரிந்ததே?

எங்கட சண்டை இந்த இடத்தில்தான். டீலர் வைக்கிற லாபம் கொள்ளையும் இல்லை, அவருக்குப் பிறப்புரிமையும் இல்லை. அது ஒரு வேலைக்கான கூலி. இன்வேர்ட்டர், பெல்ட், பெயரிங் எல்லாம் தன் ஸ்ரோரில் காசைப் போட்டு அடுக்கி வைத்திருக்கிற வேலை. மெசின் நின்றால் ஆளை அனுப்புகிற வேலை. டொலர் ஆடினால் அந்த ஆட்டத்தைத் தன் தலையில் தாங்கிற வேலை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. அந்த நேரம் முற்பணம் கட்டிவிட்டு மிச்ச 70 வீதத்துக்கு நின்றவரின் நிலையை யோசித்துப் பாருங்கோ. விலை கிட்டத்தட்ட இரட்டை, வங்கியில் டொலரும் இல்லை. இதையெல்லாம் தாங்கிற டீலருக்கு 5 லட்சம் கொடுக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டிறவருக்கு ஐந்து சதமும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, முறையிட ஒரு ஆள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. உத்தரவாதப்படி நடக்காத வியாபாரிக்கு எதிராக எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கொழும்புக் கடைக்கு அந்தக் கடிதம் போகும். ஜினானுக்குப் போகாது.

“அமெரிக்காவில எல்லாரும் நேரா வாங்கினம்தானே” என்று எங்களுக்குள்ளேயே ஒராள் வாதாடினார். யூடியூப் கொடுத்த அறிவு. அந்த வீடியோக்களில் அடிக்கடி வருகிற கிரிஸ்லி கொம்பனியை எடுங்கோ. 1983 இல் தொடங்கினது, டீலர் இல்லாமல் நேராக விற்கிறது. ஆனால் அதன் மெசின்களில் பெரும்பகுதியைச் செய்வது தாய்வான், சீனாப் பக்டரிகள்தான். கிரிஸ்லி செய்விக்கிறது, இறக்குகிறது, உதிரிப்பாகத்தை அந்த நாட்டிலேயே வைத்திருக்கிறது, போன் அடித்தால் எடுக்கிறது. டீலர் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் அது செய்கிறது. அங்க வெட்டுப்பட்டது டீலரின் பெயர் மட்டும்தான். நாங்கள் பெயரோடு சேர்த்து வேலையையும் வெட்டினோம்.

நேராக வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஐந்து பட்டறை சேர்ந்து ஒரே மொடல் மெசினை இறக்கி, ஒரு இன்வேர்ட்டரையும் ஒரு மோட்டரையும் கூடவே எடுத்துப் பொதுவில் வைத்திருந்தால் கதை வேறு. கள்ளுச் சீவுகிற தொழிலாளருக்குச் சங்கம் இருக்கிற ஊர் இது. தச்சுப் பட்டறைக்காரர் ஐந்து பேர் ஒரு அலுமாரியைப் பங்குபோட ஏலாதா? தனியாளாக, நகையை அடைவு வைத்து, கலைப்பீட மாணவரின் இங்கிலீஷை நம்பி வாங்கிறதைத்தான் வேண்டாம் என்கிறோம். டீலரிடம் போனாலும் முழுக்காசைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு வராதேங்கோ. பத்து வீதத்தை மெசின் ஓடிக் காட்டும்வரை கையில் வைத்திருங்கோ. எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதைப் பில்லிலேயே எழுதுவியுங்கோ. எழுத மாட்டன் என்கிறவர் வரவும் மாட்டார்.

போன கிழமை இன்னொரு பட்டறைக்காரர் எங்களைத் தேடி வந்தார். பலகை அறுக்கிற மெசின் வேணுமாம், பக்டரிக்கு எழுதித் தரட்டாம். நாங்கள் முதலில் எழுதினது கொழும்பில் மூன்று டீலருக்கு, தமிழில். இந்த மெசினின் மோட்டரும் பெயரிங்கும் இன்றைக்கு உங்கட ஸ்ரோரில் இருக்கா, இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கோ. விலையைக் கேட்கவே இல்லை. இரண்டு பேர் விலைப்பட்டியல் அனுப்பியிருக்கினம். ஒராள் மட்டும், ஒரு தூசி பிடித்த இறாக்கையின் படம் அனுப்பியிருக்கிறார்.