கட்சி உடையலாம், சங்கம் உடையலாகாது

மேற்கு வங்கத்தில் 1967-ம் ஆண்டு முதல் 2011 வரை ஆட்சிக்குத் தலைமை தாங்கிய கட்சிகளின் பிறப்பை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அனைத்தும் பிளவில் பிறந்தவை. 1967-ல் முதலமைச்சரான அஜய் முகர்ஜியின் பங்களா காங்கிரஸ், காங்கிரசிலிருந்து பிரிந்தது. 1972-ல் சித்தார்த்த சங்கர் ராய் தலைமையில் ஆட்சி அமைத்தது, 1969 பிளவில் இந்திரா காந்தியின் பக்கம் நின்ற காங்கிரஸ். 1977-ல் ஜோதி பாசுவை முதல்வராக்கிய மார்க்சிஸ்ட் கட்சி 1964-ல் தனியானது. 2011-ல் அதை வீழ்த்திய திரிணாமுல் காங்கிரஸ் 1998-ல் பிறந்தது.

தமிழ்நாட்டாருக்கு இது புதிதல்ல. 1949-ல் தி.மு.க.வும், 1972-ல் அ.தி.மு.க.வும் பிறந்த விதத்தை நாம் அறிவோம். ஆகவே பிளவு என்றாலே அழிவு என்பதற்கில்லை. தலைவர்களுக்கு அது பல சமயம் கோட்டைக்குப் போகும் வழி. தொழிலாளிக்கு?

இங்கேதான் கவலை. கட்சி இரண்டானால் சங்கமும் இரண்டாகிறது. 1920-ல் தோன்றிய ஏ.ஐ.டி.யு.சி. ஒரு காலத்தில் எல்லோருக்கும் பொதுவான மேடை. 1947-ல் காங்கிரஸ்காரர்கள் ஐ.என்.டி.யு.சி.யை அமைத்தனர். 1970 மே மாதம் இதே கல்கத்தாவில் சி.ஐ.டி.யு. பிறந்தது. ஒரே ஆலை வாசலில் பல கொடிகள். உள்ளே வேலை செய்பவனுக்கோ ஒரே சம்பளப் பட்டியல்!

1974 மே 8-ம் தேதி தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் 20 நாள் நடந்தது. பல சங்கங்கள் கூட்டுக் குழுவாகத் திரண்டன. ஆனால் காங்கிரஸ் சார்புள்ள சம்மேளனம் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். கோரிக்கை நிறைவேறாமலே போராட்டம் வாபசாயிற்று. அரசின் அடக்குமுறையே முதற் காரணம். எனினும் ஒற்றுமைக் குறைவையும் மறைப்பதற்கில்லை.

இத்தாலியும் இந்த நோயை அனுபவித்த நாடுதான். அங்குள்ள கம்யூனிஸ்ட் கட்சி 1921-ல் சோஷலிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1944-ல் ஒன்றாக எழுந்த தொழிற்சங்கம், கட்சிச் சண்டையால் 1948-க்கும் 1950-க்கும் இடையே மூன்றாக உடைந்தது. ஆனால் 1969-ல் தொழிலாளர்கள் வேறு வழி கண்டனர். ஆலையின் ஒவ்வொரு பிரிவிலும், எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவராயினும், சங்கமே சேராதவராயினும், எல்லோரும் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். மூன்று சங்கங்களும் ஒன்றாகப் பேசின. மறு ஆண்டே தொழிலாளர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அந்தக் கம்யூனிஸ்ட் கட்சி 1991-ல் கலைந்தது. அதை எதிர்த்து வந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் 1994-ல் மறைந்தது. மூன்று சங்கங்களோ இன்றும் நிற்கின்றன.

ஊர்விட்டு ஊர் வந்து வங்கத்தில் உழைக்கும் தமிழருக்கு இதில் பாடம் உண்டு. எந்தக் கட்சியை ஆதரிப்பது என்பது அவரவர் உரிமை. அதில் நாம் தலையிடோம். ஆனால் சந்தா கேட்டு வரும் சங்கத்தாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த சங்கத்தோடு சேர்ந்து ஒரே கோரிக்கைப் பட்டியல் கொடுப்பீர்களா?" தயங்காமல் ‘ஆம்’ என்பவரே உங்கள் சந்தாவுக்கு உரியவர்.