திடலில் சிந்தும் வியர்வைக்கும் கணக்கு வேண்டும்!

"படிக்கப் போன பிள்ளைக்கு ஓட்டமும் பந்தும் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. "ஓட்டத்தில் பெயர் வாங்கிவிட்டான், இனிப் படிப்பு எதற்கு?" என்போரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே கல்லூரியின் பெயரால் ஓடுகிற மாணவன் ஒரே நாளில் இரண்டு ஆள் வேலை செய்கிறான். அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது உழைப்பு. உழைப்பு என்றால் அதற்கு மணிக்கணக்கு உண்டு. சோறும் ஓய்வும் உண்டு. அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. இவற்றைக் கேட்பதும் தொழிற்சங்கத்தின் வேலைதான் என்பது நம் கருத்து.

செக்ரோல் எழுதிப் பழகிய நாம் எதையும் மணிக்கணக்கில்தான் பார்ப்போம். இந்த மாணவனின் வாரத்தையும் அப்படியே எழுதிப் பார்ப்போமே!

நம் நாட்டு உயர்கல்வித் தகுதி முறையில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. வகுப்பு, நூலகம், வீட்டுப் பாடம் எல்லாம் அதில் அடங்கும். ஒரு பருவத்துக்கு 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். பருவத்தைப் பரீட்சையோடு சேர்த்து 15 வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 40 மணி நேரம் படிப்புக்கே போய்விடும். அதன்மேல் காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி. அது 20 மணி நேரம். ஆக மொத்தம் 60. தொழிலாளிக்குச் சட்டம் விதித்திருக்கும் வார வரம்பு எவ்வளவு? முன்பு 48 மணி நேரம். 2023 ஜனவரி முதல் 45. பெற்றவர்களை 45 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் கேட்கிறோம். பிள்ளையின் 60 மணி நேரத்தை ஏன் என்று கேட்க ஆளில்லை!

இதில் பயண நேரத்தைச் சேர்க்கவில்லை. காப்பாரிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்கப் போகிற பிள்ளை முதலில் பஸ் பிடித்துக் கிள்ளான் வர வேண்டும். அங்கிருந்து ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்கி, மறுபடி ஒரு வண்டி மாற வேண்டும். மாலைப் பயிற்சி முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். பெண் பிள்ளையானால், "ஓடியது போதும், பொழுதோடு வீடு வந்து சேர்" என்று தகப்பன் சொல்லிவிடுகிறார். அவர் மேல் குற்றமில்லை. பஸ் நிற்கும் இடத்தில் காத்துக் கிடக்கும் பயம் அவருக்குத்தானே தெரியும்! விடுதியில் இடம் கிடைத்தால் இந்தப் பயண அலைச்சல் இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து வரும் நேரத்தில் சாப்பாட்டுக் கடை மூடியிருந்தால் மீகி மீதான் இராச்சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு மறுநாள் விடியுமுன் எழுந்து ஓட வேண்டும்.

விடியுமுன் எழும் உடம்பின் பாடு என்னவென்று பால்மரம் சீவுகிறவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பெரட்டுக்கு நிற்பதும் திடலுக்குப் போவதும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் வீடு திரும்பும் நேரத்தில், உங்கள் பிள்ளைக்கு இரண்டாவது பெரட்டு இன்னும் பாக்கியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

இரண்டையும் ஒருவர் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் நம்மவரே. மணி ஜெகதீசன் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார்; அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவராகவும் உயர்ந்தார். அவரை வணங்குகிறோம். ஆனால் ஒரு ஜெகதீசனைக் காட்டி, "அவர் செய்யவில்லையா, உனக்கென்ன?" என்று ஏழைப் பிள்ளையின் வாயை அடைப்பது நியாயமல்ல. மேடையில் நின்றவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. பஸ் காசு இல்லாமல் நின்றுபோனவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இன்று நம் பெண்கள் இருவர் அமெரிக்காவரை போய்ப் படித்துக்கொண்டே விளையாடியிருக்கிறார்கள். சிவசங்கரி சுப்பிரமணியம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபடி ஸ்குவாஷ் ஆடினார். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். ஷெரீன் சாம்சன் வல்லபோய் மினசோட்டாவிலுள்ள வினோனா பல்கலைக்கழகத்தில் படித்தவாறே ஓடினார். 2023-இல் புனோம் பென் சீ போட்டியில் 400 மீட்டர் தங்கம் அவருக்கே. அங்கே பல கல்லூரிகள் விளையாட்டுக்காகவே உபகாரச் சம்பளம் தருகின்றன. பயிற்சியாளர், வைத்தியர், தேர்ச்சித் திடல் எல்லாம் கல்லூரிக்குள்ளேயே உண்டு. விளையாட்டுப் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்ற விதி 1991 முதல் இருக்கிறது.

கேட்க இனிக்கிறதல்லவா? மறுபக்கத்தையும் கேளுங்கள். 1955-இல் கொலராடோ மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற கல்லூரி மாணவர் காற்பந்து ஆட்டத்தில் மண்டை உடைந்து இறந்தார். அது அமெரிக்கப் பாணிக் காற்பந்து. ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். விதவை தொழிலாளர் நஷ்டஈடு கேட்டார். கல்லூரி காற்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளியல்லர் என்று சொல்லி, 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. அந்தக் காலத்தில் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நிர்வாகத் தலைவராயிருந்த வால்டர் பையர்ஸ், 1995-இல் எழுதிய நூலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட நஷ்டஈட்டுக் கோரிக்கைகளுக்குப் பயந்தே 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்களாம். பெயர் அழகாக இருந்தது; விதவைக்குக் காசு வரவில்லை.

தொழிலாளிக்கு வேறு பெயர் சூட்டிச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கும் வித்தையை நாம் காணாதவர்களா? கண்டிராக்ட் ஆள் என்றால் ஒரு சலுகை போகும். பயிற்சி ஆள் என்றால் இன்னொன்று போகும். வேலை மட்டும் போகாது.

அந்த மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் அமைக்க மனுச் செய்தார்கள். ஆட்டப் பருவத்தில் அவர்கள் வாரம் 40 முதல் 50 மணி நேரம் ஆட்டத்துக்கே செலவிடுகிறார்கள் என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி கண்டறிந்து, அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தார். 20 மணி நேர விதியின் இலட்சணம் இது! மறு ஆண்டு மேல் வாரியம் இதில் தலையிட மறுத்துவிட்டது. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து அணியினர் 13-க்கு 2 என்ற வாக்கில் சங்கத்தில் சேரத் தீர்மானித்தார்கள். ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆயினும் கேட்ட குரல் வீண்போகவில்லை. 2025-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி பிறந்தது.

இங்கே நம் நிலை என்ன? மரம் சீவும்போது விழுந்து கால் முறிந்தால் தொழிலாளிக்குப் பெர்கேசோ உண்டு. கல்லூரித் திடலில் கால் முறிந்த மாணவன் யாருடைய தொழிலாளியும் அல்லன். அந்தக் கதவு அவனுக்குத் திறக்காது. காப்பாரில் ஜாலான் அக்கோப், வலம்புரோசா என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய்த் தொழிற்சாலையும் தாமானும் வந்தன. தோட்டம் கைமாறும்போது லயத்துக்கு ஈடு கேட்கிறோம், கோயிலுக்கு நிலம் கேட்கிறோம். பிள்ளைகள் ஓடிய திடலுக்கு ஈடு கேட்டோமா?

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 10, 12 மணி நேர வேலைநாளை ஒழிக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். மணிக்கணக்கையும் கல்வியையும் அவர்கள் ஒரே பட்டியலில் எழுதினார்கள். நாமும் அப்படியே எழுதுவோம்.

முதலாவது, கல்லூரிக்காக விளையாடும் மாணவருக்குப் பயிற்சி நேர வரம்பும் வாரம் ஒரு நாள் ஓய்வும் எழுத்தில் வேண்டும். இரண்டாவது, பயிற்சிக் காயத்துக்கும் இன்சூரன்ஸ் வேண்டும். சேரும் நாளிலேயே பெற்றோர் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் தாளைப் படித்துச் சொல்வது கிராணிமாரான நம் கடமை. மூன்றாவது, போட்டி நாளில் பரீட்சை வந்தால் மறு பரீட்சைக்கு வழி வேண்டும். நான்காவது, தோட்டம் விற்கப்படும் பேச்சு எழுந்தால் திடலும் நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்.

சர்க்காரும் கல்லூரியும் தரும்வரை கைகட்டி நிற்பதா? கிளைக்கு ஒரு சிறு நிதி போதும். மாதம் ஆளுக்கு இரண்டு வெள்ளி. ஐம்பது பேர் கொடுத்தால் நூறு வெள்ளி. ஒரு பிள்ளையின் பஸ் செலவுக்கும் பயிற்சி முடிந்து உண்ணும் சோற்றுக்கும் அது கைகொடுக்கும். தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் பிள்ளைகளில் படித்துக்கொண்டே ஓடுகிறவர் யார், அவர் நேற்று இரவு என்ன சாப்பிட்டார்? பதில் தெரியாவிட்டால், கூட்டம் கலையுமுன் ஒருவரை அனுப்பிக் கேட்டுவரச் செய்யுங்கள்.